கிழிந்த காகிதமும் கீர்த்தி பெற்ற சித்திரமும்

சித்திரக் கண்காட்சிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "இது என்ன சித்திரம்? தலை எது, கால் எது என்று தெரியவில்லையே! நம் வீட்டுக் குழந்தை இதைவிட நன்றாகப் போடுமே!" என்பதுதான் அது. இப்படிச் சொல்கிறவர்களைப் பரிகாசம் செய்வது நியாயமல்ல. கண்ணெதிரே ஒன்று நின்றால் அது இன்னதென்று அறிய ஆசைப்படுவது மனித இயற்கைதானே?

ஆனால் இதே அன்பர்கள் சாயங்காலம் கச்சேரிக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? வித்துவான் அரை மணி நேரம் தோடி ராக ஆலாபனை செய்கிறார். அதில் வார்த்தை கிடையாது, கதை கிடையாது. சபையோ மெய்ம்மறந்து உட்கார்ந்திருக்கிறது. சிலருடைய கண்களில் நீர் துளிர்க்கிறது. "இந்த ஆலாபனைக்கு என்ன அர்த்தம்?" என்று நடுவிலே எழுந்து கேட்பவர் யாரும் இல்லை. அதிகாலையில் நம் பெண்மணிகள் வாசலில் இழைக்கும் சிக்குக் கோலத்தைப் பாருங்கள். அது எந்த மனிதருடைய முகம்? எந்த மரத்தின் சாயல்? ஒன்றுமில்லை. வெறும் புள்ளிகளையும் அவற்றைச் சுற்றி வளைந்தோடும் கோட்டையும் கொண்டே மனத்துக்கு ஒரு நிறைவு உண்டாகிவிடுகிறது.

காது ராகத்தை ஏற்றுக்கொண்டதுபோலவும், வாசற்படி கோலத்தை ஏற்றுக்கொண்டதுபோலவும், உருவம் காட்டாத சித்திரத்தையும் கண் ஏற்றுக்கொள்ளலாம். இவ்வகைச் சித்திரத்தை 'அரூப ஓவியம்' என்கிறார்கள். அதிலும் வர்ணத்தை மட்டும் நம்பாமல், காகிதம், துணி, மணல், நூல், மெழுகு முதலிய பலவற்றையும் சேர்த்து ஆக்கும் கலவைச் சித்திரத்துக்கு ருசிகரமான சரித்திரம் உண்டு. அதைவிட ருசிகரமான விஷயம், வீட்டிலே இருந்தபடி எவரும் அதைச் செய்து பார்க்கலாம் என்பது.

சுவர்க் காகிதம் செய்த புரட்சி

1912-ஆம் வருஷம். பாரிஸ் நகரில் பிக்காஸோ என்ற ஸ்பானிய ஓவியரும், பிராக் என்ற பிரெஞ்சு ஓவியரும் இணைபிரியாத நண்பர்களாக இருந்தார்கள். அந்த வருஷம் பிக்காஸோ முட்டை வடிவமான ஒரு சித்திரம் தீட்டினார். பிரம்பு பின்னிய நாற்காலியைக் காட்ட வேண்டிய இடத்தில் அவர் பிரம்பை வரையவில்லை. பிரம்புப் பின்னல்போல் அச்சடித்த மெழுகுத் துணி ஒன்றை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார். சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் ஒரு கயிற்றை வைத்துக் கட்டினார். அந்தச் சித்திரம் இப்போது பாரிஸில் பிக்காஸோவின் பெயரால் உள்ள காட்சிசாலையில் இருக்கிறது.

அதே வருஷம் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில், அவிஞ்ஞோன் நகரத்துக்கு அருகே தங்கியிருந்த பிராக், கடையொன்றில் கருவாலி மரத்தின் ரேகைகள் அச்சிட்ட சுவர்க் காகிதத்தைக் கண்டார். அதை வாங்கிவந்து துண்டுகளாக வெட்டி ஒட்டி, மேலே கரிக்கோலால் பழத்தட்டும் கண்ணாடிக் கிண்ணமும் வரைந்தார். காகிதம் ஒட்டும் கலை இப்படித்தான் ஓவிய உலகத்துக்குள் நுழைந்தது.

பிராக்குக்கு இது எப்படித் தோன்றியது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழில் செய்தவர். மகனும் அந்தத் தொழிலைப் பழகியவரே. ஈரமான வர்ணத்தின்மீது சீப்பை இழுத்து மரரேகைபோல் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்தது. வர்ணத்தோடு மணலையும் மரத்தூளையும் கலந்து சொரசொரப்பு உண்டாக்கவும் அவர் தெரிந்துகொண்டிருந்தார். கலாசாலைகளில் சொல்லிக் கொடுக்காத தொழிலாளியின் சாமர்த்தியம், ஒரு பெரிய கலைக்கு வழி திறந்துவிட்டது!

பிக்காஸோ அடுத்தபடியாகச் செய்தித்தாளை எடுத்துக் கொண்டார். அப்போது பால்கன் யுத்தம் மூண்டிருந்த சமயம். கிதாரும் மதுக்கிண்ணமும் உள்ள அமைதியான சித்திரத்துக்குள்ளே யுத்தச் செய்தியின் துண்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வர்ணத்தால் எவ்வளவு திறமையாகத் தீட்டினாலும் அந்தத் துண்டுக் காகிதத்தின் உண்மையை உண்டாக்க முடியுமா? ஒட்டுச் சித்திரத்தின் பலம் இதுவே. அது உலகத்தைப் போல் ஒன்றை வரைவதற்குப் பதிலாக, உலகத்திலிருந்தே ஒரு துணுக்கைப் பிய்த்துக் கொண்டுவந்து நம்முன் வைத்துவிடுகிறது.

டிராம் டிக்கட்டில் ஒரு வாழ்வு

இந்தக் கலைக்கே ஆயுளை அர்ப்பணம் செய்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியில் ஹனோவர் நகரில் 1887-ல் பிறந்த குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் அவர். டிரெஸ்டன் நகரத்துக் கலாசாலையில் முறையாக ஓவியம் பயின்றவர். அச்சாகச் சாயல் பிடித்து முகம் எழுதத் தெரிந்தவர். "வரையத் தெரியாதவன்தான் காகிதம் ஒட்டுவான்" என்ற வாதம் அவரிடம் செல்லாது.

முதல் உலக யுத்தம் முடிந்தபோது ஜெர்மனி சின்னாபின்னமாகக் கிடந்தது. எல்லாம் உடைந்து போய்விட்ட காலத்தில், உடைந்த துண்டுகளைக் கொண்டே புதியதைச் செய்யவேண்டும் என்று ஷ்விட்டர்ஸ் எண்ணினார். தெருவிலே கிடந்த டிராம் டிக்கட்டு, மிட்டாய் சுற்றிய காகிதம், உபயோகமற்ற தபால் முத்திரை, கம்பித் துண்டு, பொத்தான், மரச்சில்லு எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தார். 1919-ல் ஒரு பாங்கியின் விளம்பரத்தை வெட்டி ஒட்டியபோது அதிலிருந்த 'கொமெர்ஸ்' என்ற சொல்லில் 'மெர்ஸ்' என்ற பகுதி மட்டும் மிஞ்சியது. அர்த்தமில்லாத அந்தப் பாதிச் சொல்லையே தம் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்.

குப்பையைப் பொறுக்கியவர் என்பதற்காக அவரைக் கட்டுப்பாடற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய சித்திரங்களைக் கவனித்துப் பார்த்தால், எந்தத் துண்டையும் அரை அங்குலம் நகர்த்த முடியாது என்று தோன்றும். பழுப்புக் காகிதங்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புச் சீட்டு. சாய்ந்து நிற்கும் நாலு துண்டுகளைத் தாங்குவதற்கு நிமிர்ந்து நிற்கும் ஒரு துண்டு. பல்லவியை எங்கே எடுப்பது, எங்கே முடிப்பது என்று அறிந்த வித்துவானின் நிதானம் அது.

பிறகு நாஜிகளின் ஆட்சி வந்தது. 1937-ல் மியூனிக் நகரில் அவர்கள் புதிய கலையை அவமானப்படுத்துவதற்கென்றே 'இழிந்த கலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஷ்விட்டர்ஸின் சித்திரங்களும் அங்கே பரிகாசத்துக்காகத் தொங்கின. அதற்குள் அவர் நார்வேக்குப் போய்விட்டார். 1940-ல் நார்வேயும் ஜெர்மானியர் வசமாகவே, இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கே ஜெர்மானியர் என்ற காரணத்தால் மான் தீவில் காவல் முகாமில் வைத்தார்கள். முகாமில் வர்ணமும் கித்தானும் ஏராளமாகக் கிடைக்குமா? தரையில் விரிக்கும் லினோலியத்தின்மீது சித்திரம் எழுதினார். மிச்சமான ஓட்ஸ் கஞ்சியைக் குழைத்துச் சிற்பம் செய்தார்! ஹனோவரில் தம் வீட்டு அறைகளையே பல வருஷங்களாகச் சிற்பமாக மாற்றி வைத்திருந்தார். அது 1943-ல் விமானக் குண்டுக்கு இரையாயிற்று. 1948 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமாகும் வரையில் அவர் காகிதம் பொறுக்குவதை நிறுத்தவில்லை. சர்வாதிகாரிகள் 'குப்பை' என்று ஏளனம் செய்தவற்றை இன்று உலகத்தின் பெரிய காட்சிசாலைகள் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றி வருகின்றன.

இத்தாலிய டாக்டர் ஆல்பெர்ட்டோ புர்ரியின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. ராணுவ வைத்தியராக இருந்த அவர் 1943-ல் சிறைப்பட்டு, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து முகாமில் அடைபட்டார். அங்கே கையில் கிடைத்த கோணிமேல் சித்திரம் எழுதத் தொடங்கினார். விடுதலையான பிறகு வைத்தியத் தொழிலுக்குத் திரும்பவேயில்லை. கிழிந்த சாக்குகளை ஊசி நூலால் தைத்து, கிழிசலின் வழியே சிவப்பு வர்ணம் தெரியும்படி அவர் ஆக்கிய படங்களைப் பார்த்தால், காயத்துக்குத் தையல் போட்ட கை அதை மறக்கவில்லை என்று தோன்றுகிறது. அதில் ஒரு மனித உருவம்கூட இல்லை. ஆயினும் யுத்தத்தின் வேதனை முழுவதும் இருக்கிறது.

செய்முறை

இனி, வீட்டிலே செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, பலகை. மெல்லிய காகிதத்தின்மேல் பல அடுக்கு ஒட்டினால் அது சுருண்டுவிடும். ஒன்று அல்லது ஒன்றரை அடிச் சதுரமுள்ள ப்ளைவுட் பலகையோ, கனத்த அட்டையோ உத்தமம். அதன் இரு பக்கமும் வெள்ளை அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிதாகப் பூசிக் காயவிட்டு, உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கவேண்டும். பசையின் ஈரத்தால் விரியும் காகிதம் காயும்போது சுருங்கிப் பலகையை வளைக்கும். பின்பக்கத்திலும் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் இரு பக்கத்து இழுப்பும் சமமாகி, பலகை நேராக நிற்கும்.

இரண்டாவது, பொருள் சேகரம். பழைய கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கட்டு, தினசரிக் காலண்டர் தாள், மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம், புடவைக் கரை, சணல் நூல் எல்லாம் ஆகும். ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒரே படத்தில் திணித்தால் அது சித்திரமாகாது, மூட்டையாகும். முதல் முயற்சிக்கு மூன்று வகைக் காகிதமும் இரண்டு வர்ணமும் போதும்.

மூன்றாவது, கிழிப்பது. இதிலும் ஒரு கலை உண்டு! கத்தரித்த விளிம்பு கண்டிப்பாகப் பேசும்; கிழித்த விளிம்பு தயங்கிப் பேசும். செய்தித்தாளை ஒரு போக்கில் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். அச்சிட்ட கெட்டிக் காகிதத்தை ஒரு பக்கமாக இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் மறையும். கனத்த கைக்காகிதத்தின்மேல் ஈரத் தூரிகையால் கோடிழுத்துப் பிய்த்தால் பஞ்சுபோன்ற ஓரம் கிடைக்கும்.

நான்காவது, பசை. புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, பூச்சி அரிக்காமலிருப்பதற்காக. மயில்துத்தம் விஷமாகையால், குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். கடைகளில் விற்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டால் போதும். பலகையிலும் தடவி, காகிதத்தின் பின்புறத்திலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டால் காற்றுக் குமிழி தங்காது. ஒட்டுவதற்கு முன்பு எல்லாத் துண்டுகளையும் பசையின்றிப் பரப்பி, நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஐந்தாவது, வர்ணமும் மற்ற வித்தைகளும். ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு நீர்த்த வர்ணத்தை மேலே ஓடவிட்டால் அச்செழுத்துக்கள் மூடுபனிக்குள் போனதுபோல் மங்கும். வர்ணம் ஈரமாயிருக்கும்போதே சீப்பால் கோதலாம். ஈரத் துணியால் துடைத்து அடியிலுள்ளதை வெளிக்கொண்டு வரலாம். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால், வெள்ளையடித்த பழஞ்சுவரில் முன்பிருந்த நிறங்கள் எட்டிப் பார்ப்பதுபோல் கீழ் அடுக்குகள் எட்டிப் பார்க்கும். சலித்துக் கழுவிய மணலைப் பசையோடு குழைத்துப் பூசி, அதில் ஆணியால் கீறலாம். பார்ஸலோனா நகரத்து ஓவியர் தாப்பியெஸ் பளிங்குத் தூளை வர்ணத்தோடு கலந்து சுவர்போன்ற படங்களைச் செய்து புகழ்பெற்றார். மெழுகுவர்த்தியால் தேய்த்து, அதன்மேல் நீர் வர்ணம் பூசினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வர்ணத்தை ஏற்காமல் நிற்கும்.

இங்கே முன்பின் என்ற முறை முக்கியம். மெழுகின்மேல் பசை பிடிக்காது. ஆகவே ஒட்டும் வேலை முடிந்த பிறகே மெழுகை எடுக்கவேண்டும். அக்ரிலிக் வர்ணம் காய்ந்தபின் அதன்மேல் எண்ணெய் வர்ணம் பூசலாம். எண்ணெய் வர்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் நாளடைவில் உரிந்து வரும். இந்தச் சிறு விதிகளை அலட்சியம் செய்த படங்கள் சில வருஷங்களிலேயே பொருக்குவிட்டுப் போகின்றன.

உணர்ச்சி எங்கிருந்து வருகிறது?

இவ்வளவும் கைத்தொழில். இவற்றைக் கலையாக்குவது எது? தொடங்குமுன் மனத்தில் ஓர் உணர்ச்சியை நிறுத்திக்கொள்ள வேண்டும். உதாரணமாக, ஐப்பசி மாதத்து அடைமழை நாளின் சாயங்காலம் என்று வைத்துக்கொள்வோம். மழைத்துளியை வரைய வேண்டாம். குடையையும் வரைய வேண்டாம். அந்தச் சாயங்காலத்தின் கனம் எங்கே இருக்கிறது? மேலேயா, கீழேயா? அதற்குக் கூர்மையான ஓரம் உண்டா, கரைந்த ஓரமா? அந்த இருட்டுக்குள் விளக்கு ஒன்று எரிகிறதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போனால், எந்தக் காகிதம், எந்த நிறம், எந்த இடம் என்பது தானே தெரியவரும். படுக்கைக் கோடு அமைதியைக் காட்டும். சாய்ந்த கோடு பதற்றத்தைக் காட்டும். நெருக்கமாகச் செறிந்த இடத்துக்கு அருகே ஒன்றுமில்லாத வெற்றிடம் இருந்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

சங்கீதத்தில் சுருதியும் வாதி ஸ்வரமும் இருப்பதுபோல், படத்திலும் ஒன்று தலைமை வகிக்க வேண்டும். மற்றவை அதற்கு அடங்கவேண்டும். அது நடந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழிகள் உண்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். படத்தைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். எங்கே பாரம் அதிகம், எங்கே காலியாகத் தொங்குகிறது என்பது உடனே புலப்படும். குறை தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை; அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டிவிடலாம். மூடிய துண்டும் வீண்போவதில்லை. அதன் மேடு, பள்ளம் வர்ணத்தின் அடியிலிருந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

நீடித்து நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தித்தாள் மரக்கூழினால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். பழுப்பதையே விரும்பினால் சரி. இல்லையேல் பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதத்தை உபயோகிக்கலாம். புதுச்சேரி அரவிந்தாசிரமத்துக் கைக்காகிதம் இதற்குப் பெயர்பெற்றது. முடிந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில், காகிதத்தில் கண்ணாடி படாதபடி இடைவெளி விட்டுப் பூட்டி, வெயில் விழாத, ஓதமில்லாத சுவரில் மாட்டவேண்டும்.

நம் கடற்கரையில்

இதெல்லாம் மேனாட்டுச் சமாசாரம் என்று எண்ணவேண்டாம். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த கே. ஸி. எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கலாசாலையின் முதல்வராக இருந்தவர். நம் நாட்டுப் புதுக்கலை, பாரிஸின் எதிரொலியாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. 1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் சின்னங்களும்' என்ற சித்திர வரிசையில் ஜாதகக் கட்டங்களைப் போன்ற கட்டங்களும், எழுத்துப்போல் தோன்றியும் படிக்க முடியாத கிறுக்கல்களும் நிறைந்திருக்கின்றன. பிராக்குக்குச் சுவர்க் காகிதம் எப்படியோ, பணிக்கருக்கு ஜாதகக் குறிப்பு அப்படி! தம் வீட்டுப் பெட்டியில் கிடந்ததிலிருந்தே அவர் ஒரு புதிய பாஷையைக் கண்டுபிடித்துவிட்டார்.

1966-ல் அவருடைய தலைமையில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? துணியில் மெழுகினால் சித்திரம் எழுதிச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலை முதலிய கைத்தொழில்களை ஓவியர்களே செய்து விற்றுச் சேர்த்தார்கள். அரூபக் கலைஞர்கள் ஆகாயத்தில் வாழ்பவர்கள் என்ற பேச்சுக்கு இதைவிடச் சரியான பதில் வேறென்ன?

ஆகையால், அடுத்த தடவை வீட்டிலே பழைய காகிதங்களைக் கழித்துக் கட்டும்போது ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் படம் காட்சிசாலைக்குப் போகாமலிருக்கலாம். ஆனால் அதைச் செய்த கண்ணுக்கு, அதன் பிறகு எந்தச் சித்திரத்தின் முன்னாலும் "தலை எது, கால் எது?" என்ற கேள்வி அவ்வளவு அவசரமாகத் தோன்றாது. "இந்தச் சிவப்பை ஏன் இந்த இடத்தில் வைத்தார்?" என்று கேட்கத் தோன்றும். ரஸிகத் தன்மைக்கு அந்தக் கேள்வியே பிள்ளையார் சுழி.